கழுத்தில் ஒரு ஊசி போட்டால் பதற்றம் போய்விடுமா?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. இரண்டு வருடத்துக்கு முன் நடந்த கார் விபத்தில், பக்கத்து சீட்டில் இருந்த நண்பர் அவர் கண்முன்னே இறந்துபோனார். அன்றிலிருந்து இவருக்குச் சரியான தூக்கம் இல்லை. எங்காவது பிரேக் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது. காரில் ஏறுவதே இல்லை. பி.டி.எஸ்.டி. (பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய்) என்று சொல்லி ஒரு வருடமாக செர்ட்ராலின் மாத்திரை கொடுக்கிறார்கள். முன்னைக்குப் பரவாயில்லை, அவ்வளவுதான். இப்போது ஒரு வலி சிகிச்சை மையத்தில், ‘கழுத்தில் ஒரு ஊசி போட்டால் நரம்பு மண்டலமே ரீசெட் ஆகிவிடும், அப்புறம் மாத்திரையே தேவைப்படாது’ என்கிறார்கள். நம்பிப் போடலாமா? எனக்கும் பல வருடமாகப் பதற்றம் உண்டு. எனக்கும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் கணவர் விஷயத்தில் யோசிக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாத்திரை வருகிறது, ஊசி வருகிறது. பேச்சு சிகிச்சை பற்றி ஒரு வரிகூட இல்லை. விட்டுப்போயிருக்கலாம். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலரும் உண்மையிலேயே அதைத் தொடாமல்தான் வருகிறார்கள். பி.டி.எஸ்.டி.க்கு அதிக ஆதாரம் உள்ள சிகிச்சை, நடந்த சம்பவத்தையே எடுத்துப் பேசும் உளவியல் சிகிச்சைதான். ஒதுக்கிவைத்த நினைவையும் இடங்களையும் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்குவது எக்ஸ்போஷர் தெரபி. ‘நான் கொஞ்சம் மெதுவாக ஓட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்’ என்பது போன்ற எண்ணங்களைப் பிரித்துப்போட்டுப் பார்ப்பது காக்னிடிவ் பிராசசிங் தெரபி. கண்ணை இருபக்கமும் அசைத்தபடியே அந்த நினைவை மனதில் கொண்டுவரச் சொல்லும் இ.எம்.டி.ஆர். என்று இன்னொன்றும் உண்டு. வாரம் ஒருமுறை என்று வைத்தால் பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்து வேலை. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியில் முதல் இடம் இவற்றுக்குத்தான். மாத்திரைகளில் செர்ட்ராலின், பராக்சிடின், வென்லாஃபாக்சின் மூன்றும் அதில் உண்டு. ஆகவே உங்கள் மருத்துவர் கொடுப்பது சரியான மருந்துதான். கழுத்து ஊசியைப் பற்றி அதே வழிகாட்டி என்ன சொல்கிறது? போடு என்றோ போடாதே என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்கிறது.

இந்த ஊசிக்கு ஸ்டெல்லேட் கேங்லியான் பிளாக் என்று பெயர். கழுத்தின் அடியில், முதல் விலா எலும்பின் தலைமாட்டில், முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரம் போலக் கிளைவிட்ட ஒரு நரம்பு முடிச்சு இருக்கிறது. ஆபத்து என்றதும் இதயத்தை வேகமாக அடிக்கவைத்து, வியர்க்கவைத்து, கண்மணியை விரியவைக்கும் பரிவு நரம்புகள் தலைக்கும் கைக்கும் இதயத்துக்கும் இதன் வழியாகத்தான் போகின்றன. அந்த முடிச்சைச் சில மணி நேரம் மரத்துப்போக வைப்பதுதான் ஊசியின் வேலை. மருந்து ஒன்றும் புதிதில்லை. ரோபிவகெய்ன், பியூபிவகெய்ன் போன்ற சாதாரண மரப்பு மருந்துதான். ஊசியும் பழையது. தீராத கைவலிக்கும், ரத்த ஓட்டக் குறைவுக்கும் பல பத்தாண்டுகளாகப் போட்டுவருகிறோம். அடங்காத இதயத் துடிப்புக் கோளாறில் ஐ.சி.யு.விலும் போடுவது உண்டு.

மனநோய்ப் பக்கம் இது பெரிதாகத் திரும்பியது 2008-க்குப் பிறகு. மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் சூட்டுக்கு இந்த ஊசியைப் போட்டுவந்த சிகாகோ மயக்கவியல் மருத்துவர் யூஜின் லிபோவ், பி.டி.எஸ்.டி. நோயாளி ஒருவருக்குப் போட்டுப் பலன் கிடைத்ததாக அந்த ஆண்டு எழுதினார். பிறகு அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் வேகமாகப் பரவியது. எழுபது சதவீதத்துக்கு மேல் பலன் என்றெல்லாம் செய்தி வந்தது. ஆனால் அவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க, அந்த மருந்து இல்லாத போலி ஊசி போட்ட குழு கிடையாது. நம்பிக்கையோடு வருகிற நோயாளிக்கு, நம்பிக்கையோடு இருக்கிற மருத்துவர், கழுத்தில் ஊசி போட்டால் பாதிப் பேருக்காவது நன்றாக இருக்கத்தான் செய்யும். எதைப் போட்டாலும்.

போலி ஊசியோடு ஒப்பிட்ட முக்கியமான ஆய்வுகள் இரண்டைச் சொல்கிறேன். 2016-இல் வந்தது சிறியது, 42 பேர். உண்மையான ஊசிக்கும் உப்புநீர் ஊசிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2019 கடைசியில் ஜாமா சைக்கியாட்ரி இதழில் வந்தது பெரியது. பணியில் இருந்த 113 ராணுவத்தினரை எடுத்து, வலதுபக்கக் கழுத்தில் இரண்டு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டு, எட்டாவது வாரம் அளந்தார்கள். 80-க்குக் கணக்கிடும் அறிகுறி மதிப்பெண்ணில் சராசரியாக நாற்பதுக்குச் சற்றுக் கீழே தொடங்கியவர்கள் அவர்கள். உண்மையான ஊசி போட்டவர்களுக்கு 12.6 புள்ளி குறைந்தது. போலி ஊசிக்காரர்களுக்கும் 6.1 புள்ளி குறைந்தது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஊசியின் சொந்தப் பலன் என்று எடுத்தால் ஆறரைப் புள்ளி. கணிசமான மாற்றம் என்று சொல்ல அந்த ஆய்வாளர்களே வைத்த அளவு 10 புள்ளி. எட்டு வாரத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு அந்த ஆய்வில் பதில் இல்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சரியாகப் போட்ட ஊசியில் அந்தப் பக்கத்துக் கண்ணிமை தொங்கிவிடும், உப்புநீரில் தொங்காது. ஆகவே தனக்கு எது போட்டார்கள் என்பதைக் கண்ணாடியைப் பார்த்தே ஊகித்துவிடலாம். அது தெரிந்தபின் வருகிற முன்னேற்றத்தில் மருந்தினுடைய பங்கு எவ்வளவு, மனதினுடைய பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம்.

அப்படியானால் வெறும் ஏமாற்றா? அப்படியும் நான் நினைக்கவில்லை. ஊசி போட்ட அன்றே ‘தோளிலிருந்து யாரோ கையை எடுத்ததுபோல் இருக்கிறது’ என்று சொன்னவரைப் பார்த்திருக்கிறேன். திடுக்கிடுவதும், எரிந்து விழுவதும், ராத்திரி நாலு தடவை எழுந்து கதவைச் சரிபார்ப்பதும் குறைந்தவர்கள் உண்டு. ஒன்றும் நடக்காமல் போனவர்களும் உண்டு. மருந்தின் மரப்பு சில மணி நேரத்தில் போய்விடுகிறது, பலன் கிடைத்தவர்களுக்கு அது வாரக்கணக்கில் நிற்கிறது. மூளையில், உடம்பை உஷார்ப்படுத்தும் நார்அட்ரினலின் அளவு இறங்குவதாலா, அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவுக்குப் போகும் சமிக்ஞை அடங்குவதாலா என்று விளக்கங்கள் இருக்கின்றன. எதுவும் இன்னும் நிரூபணமாகவில்லை. ரீசெட் என்ற சொல்லை எந்த மருத்துவப் புத்தகத்திலும் தேடாதீர்கள். அது நோட்டீஸில் அடிக்கிற சொல்.

நான் பார்த்தவரை ஊசி அடக்குவது உடம்பின் அலறலை. நண்பரின் சாவு, தன்மேல் உள்ள குற்ற உணர்ச்சி, கார் என்றாலே விலகிப்போகிற பழக்கம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். உடம்பு அமைதியாக இருக்கிற அந்தச் சில வாரத்தில் தெரபியில் உட்கார்ந்தால் தாக்குப்பிடிப்பது சுலபமாகலாம். சம்பவத்தைச் சொல்ல ஆரம்பித்தாலே வியர்த்து, மூச்சு வாங்கி, பாதியில் எழுந்து போய்விடுகிறவர்களுக்கு ஊசியை நான் யோசிப்பது அதனால்தான். நான் சொன்ன நிபந்தனையும் அதுதான்: ஊசி மட்டும் தனியாக வேண்டாம்.

போடும்போது என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைக் கொஞ்சம் இடதுபக்கம் திருப்புவோம். கையில் ஐ.வி. லைன், மார்பில் ஈ.சி.ஜி., விரலில் ஆக்சிஜன் கிளிப். பெரும்பாலும் முழித்துத்தான் இருப்பார். அல்ட்ராசவுண்டைக் கழுத்தில் வைத்தால் கரோடிட் ரத்தக்குழாய் துடிக்கிற கறுப்பு வட்டமாகத் தெரியும். சிரை, லேசாக அழுத்தினாலே சப்பையாகிவிடும். அதற்குக் கீழே ஆறாவது கழுத்தெலும்பின் திமில், அதன்மேல் ஒரு சின்னத் தசை. அந்தத் தசையின் மேல் மருந்து மெல்லிய தாள்போல் விரிய வேண்டும். ஊசி முனை அங்கே போனதும் பின்னால் இழுத்துப் பார்த்து, ரத்தம் வரவில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவோம். எல்லாம் சேர்த்து ஐந்து முதல் பத்து மில்லி. ஊசி உள்ளே இருக்கும்போது பேசவோ இருமவோ விழுங்கவோ கூடாது. ஏதாவது தோன்றினால் கையைத் தூக்கினால் போதும்.

சில நிமிடத்தில் வலது இமை இறங்கும், கண் சிவக்கும், மூக்கு அடைக்கும், உள்ளங்கை சூடாகும். பார்க்கிறவர்களுக்குத்தான் பதறும். ஊசி சேர வேண்டிய இடத்தில் சேர்ந்ததற்கு அது அடையாளம். சில மணி நேரத்தில் சரியாகிவிடும். ஆனால் இமை தொங்கியதாலேயே பி.டி.எஸ்.டி. குறையும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குரல் கம்முவதும் தொண்டையில் ஏதோ நிற்பதுபோல் இருப்பதும் சகஜம். குரல் தெளியும்வரை சாப்பாடு கூடாது. முதலில் ஒரு மடக்கு தண்ணீர் குடித்துப் பார்க்க வேண்டும், புரையேறினால் இன்னும் பொறுக்க வேண்டும். அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது. (உங்கள் கணவருக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை.)

ஒரு விஷயத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விபத்தில் கழுத்திலோ முகத்திலோ அடிபட்டிருந்தால், அல்லது அசையாமல் மாட்டிக்கொண்டு கிடந்திருந்தால், முகத்தருகே துணி போட்டு, அசையாதே என்று சொல்லிக் கழுத்தில் கை வைப்பதே பழைய நினைவைக் கிளப்பிவிடும்.

கடுமையான விளைவுகள் அரிது. ஜெர்மனியில் சுமார் 45,000 ஊசிகளைக் கணக்கெடுத்து 1992-இல் வெளியிட்டபோது ஆயிரத்துக்கு 1.7 என்று வந்தது. அது அல்ட்ராசவுண்ட் வழக்கத்துக்கு வராத காலம். அரிது என்றாலும் அவை சாதாரணமானவை இல்லை. மூளைக்குப் போகிற வெர்டிப்ரல் ரத்தக்குழாய் பக்கத்திலேயே ஓடுகிறது. மிகக் கொஞ்சம் மருந்து அதற்குள் போனாலே வலிப்பு வரும். நுரையீரலின் உச்சியில் குத்திவிடலாம். கழுத்துக்குள் ரத்தம் கசியலாம், அது வீட்டுக்கு வந்த பிறகும் தெரியவரலாம். கழுத்து வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், இதய மின்கடத்தலில் தடை உள்ளவர்கள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள், மறுபக்கக் குரல் நாணோ நுரையீரலோ ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் முதலில் அதைச் சொல்லியாக வேண்டும். ரத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. ஒரே நாளில் இரண்டு பக்கமும் போடுகிறோம் என்று சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன். இரண்டு பக்கக் குரல் நரம்பும் ஒரே நேரத்தில் மரத்தால் மூச்சுக்கே ஆபத்து.

அந்த மையத்தில் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. ஊசி போடப்போவது யார், அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுவார்களா, வலிப்பு வந்தால் சமாளிக்க ஆளும் கருவியும் உண்டா, மரப்பு மருந்து ரத்தத்தில் கலந்துவிட்டால் கொடுக்கும் லிப்பிட் எமல்ஷன் கைவசம் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குத் திருதிருவென்று விழித்தால் எழுந்து வந்துவிடுங்கள். மனநல மருத்துவரிடம் பேசாமலேயே தேதி கொடுக்கிற இடமும் எனக்குப் பிடிக்காது. ‘மாத்திரையே தேவைப்படாது’ என்று அவர்கள் சொன்னதை மறந்துவிடுங்கள். செர்ட்ராலினைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், நோயும் திரும்பலாம். அப்புறம், சாக வேண்டும் என்ற பேச்சோ எண்ணமோ அவரிடம் இருந்தால் ஊசித் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்; அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

சரி, உங்கள் பதற்றத்துக்கு வருவோம். பொதுவான பதற்ற நோய்க்கு இந்த ஊசி போட்டுப் பலன் கண்டதாகக் கட்டுரைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை, போட்டவர்களின் கோப்புகளைப் பின்னால் எடுத்துப் பார்த்துச் சொன்னவை. உங்கள் கணவருக்காவது ஆறரைப் புள்ளி என்று ஒரு கணக்குக் காட்ட முடிகிறது. உங்களுக்கு அதுவும் முடியாது. தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை காபி குடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், பதற்றத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவுசார் நடத்தை சிகிச்சைக்கு ஒருவரைப் பாருங்கள். கழுத்தில் ஊசி குத்திக்கொள்வதற்கு முன் இதெல்லாம் மிச்சம் இருக்கிறது.

கணவருக்குப் போடுவது என்று முடிவானால், முந்தின வாரம் பி.டி.எஸ்.டி. அறிகுறிகளை அளக்கும் பி.சி.எல்.-5 என்ற 20 கேள்விப் படிவத்தை நிரப்பவையுங்கள். ஊசிக்கு இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, எட்டு வாரம் கழித்து இன்னொரு முறை. பத்துப் புள்ளிகூட இறங்கவில்லை என்றால் மூன்றாவது ஊசி, நான்காவது ஊசி என்று பணத்தைக் கொட்டாதீர்கள். முதலில் தெரபிஸ்டிடம் தேதி வாங்குங்கள். ஊசிக்கு அடுத்த வாரமே முதல் சந்திப்பு வரும்படி பார்த்து, அதற்கப்புறம் மையத்துக்குப் போன் செய்யுங்கள்.