நம்ம ஒய்பி (தொகுதி எம்பி) கையில என்னதான் இருக்கு? மலேசியா, சுங்கை சிப்புட் கேள்வி பதில்

கேள்வி (தோட்டத்துப் பையன்): ஐயா, 2018க்கும் 2022க்கும் நடுவுல மூனு பிரதமர். ஓட்டு போட்டது நாங்க, மாத்துனது யாரு?

பதில்: தம்பி, பிரதமர் மாறுனது தப்பில்ல, எங்க வச்சு மாறுனாங்கறதுதான் எனக்கு வலி. 2020 பிப்ரவரில எம்பிங்க அணி மாறுனாங்க, யாருக்குப் பெரும்பான்மைனு மக்களவைல கை தூக்கிக் காட்டல, 222 பேரையும் அரண்மனைக்குக் கூப்பிட்டுதான் கேட்டாங்க. மே 18 கூடுன சபைக் கூட்டம் பேரரசர் உரையோட ஒரே நாள்ல முடிஞ்சு போச்சு. அப்புறம் 2021 ஜனவரில அவசரகாலம், ஜூலை கடைசி வரைக்கும் பார்லிமென்டே கூடல, கூடாமலே அரசாங்கம் பணம் செலவழிக்க வழி பண்ணிக்கிட்டாங்க. எப்போ கூடணும்னு சபையால சொந்தமா முடிவு பண்ண முடியலன்னா அப்படித்தான் ஆகும்.

கேள்வி (லோரி ஓட்டுற அண்ணன்): அதான் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்துருச்சே?

பதில்: வந்துச்சு, 2022 அக்டோபர் 5ல இருந்து. தனியா தாவுனா சீட்டு போகும். கட்சியே நீக்குனா போகாது, கட்சி மொத்தமா அணி மாறுனாலும் போகாது. பாதிக் கதவுதான் சாத்திருக்கு.

கேள்வி (தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கத்து அக்கா): பள்ளிக் கூரைக்குக் கேட்டா எதிர்க்கட்சி ஒய்பிக்கு மானியம் இல்லங்கறாங்க, நெஜமா?

பதில்: நெஜம்தாங்க்கா, நம்ம ஊர்லயே நடந்துச்சு. 1974ல இருந்து ஆளுங்கட்சி சாமிவேலு வச்சிருந்த தொகுதிய 2008ல எதிர்க்கட்சி டாக்டர் ஜெயக்குமார் ஜெயிச்சாரு, ஆனா தொகுதி மானியம் அவர் கைக்கு வரல, கேஸ் போட்டுப் பாத்தாரு, இதுல கோர்ட்டு தலையிட முடியாதுன்னு அப்பீல்லயும் தோத்துட்டாரு. அது நம்ம வரிப்பணம்க்கா, ஆளுங்கட்சிக்கு ஓட்டு போட்டவன் போடாதவன் எல்லாரும் கட்டுனது! ஒரு எம்பிக்கு கூரை போடவும் ரோட்டு லைட்டு போடவும் பிரதமர் துறை கையை எதிர்பாக்கணும்னா அவரு அந்தப் பிரதமரையே எழுந்து நின்னு எப்படி கேள்வி கேப்பாரு. தாவறதுக்கும் இதுதான் பாதி காரணம்னு நான் நினைக்கிறேன், சம்பளம் பத்தலன்னு இல்ல. யார் ஜெயிச்சாலும் சம பங்குன்னு சட்டத்துல எழுதணும், அத விட்டா வேற வழி எனக்குத் தெரியல.

கேள்வி (காலேஜ் புள்ள): பார்லிமென்ட் சேவைச் சட்டம்னா என்ன ஐயா?

பதில்: சபைக்கு சொந்த ஆளுங்க, சொந்த பட்ஜெட். அந்தச் சட்டம் 1963ல வந்துச்சு, 1992ல எடுத்துட்டாங்க, 2025ல மக்களவை மறுபடி நிறைவேத்துச்சு. 33 வருஷம்மா!

கேள்வி (கோப்பிக்கடை மாமா): லோங்கான் (சாக்கடை) அடைச்சுக் கெடக்கு, கவுன்சிலர ஏன் நாம தேர்ந்தெடுக்கறதில்ல?

பதில்: ஊராட்சித் தேர்தல 1965ல நிறுத்துனவங்கதான் மாமா, இன்னும் திருப்பிக் குடுக்கல. கவுன்சிலர் நியமனம்தான். லோங்கானுக்கு நகராண்மைக்கு எழுதிக்குடுங்க, தேதி முத்திரை வாங்கி ஒரு காப்பி வச்சுக்குங்க, நாளைக்கு எடுத்துட்டு வாங்க, நான் மலாய்ல எழுதித் தரேன்.