டம்பிங் வரி ஐந்தாண்டில் போய்விடுமா? சுங்கை சிப்புட் நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

மணியம், வெல்டிங் பட்டறை: சீன இரும்புத் தகட்டுக்கு டம்பிங் வரி போட்டிருக்கிறார்கள். ஐந்து வருஷம் முடிந்தால் விலை இறங்குமா அண்ணே?

தம்பி, தானாக இறங்கிவிடாது. வெளிநாட்டு ஆலை தன் ஊரில் விற்பதைவிடக் குறைந்த விலைக்கு இங்கே தள்ளி, நம் ஆலைகளுக்குப் பாதிப்பு வந்தால் போடும் வரி இது. உலக வணிக அமைப்பின் விதிப்படி ஐந்தாண்டுக்குள் முடியவேண்டும். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே மறுஆய்வு தொடங்கினால், முடிவு வரும்வரை வரி நீடிக்கலாம். மறுஆய்வுக்கு வழக்கமான கெடு 12 மாதம்.

அதில் பார்ப்பது ஒன்றுதான்: வரியை எடுத்தால் டம்பிங்கும் பாதிப்பும் தொடருமா, திரும்ப வருமா? வரி இருக்கும்போது இறக்குமதி குறைந்தது என்பது மட்டும் போதாது. அந்த நாட்டு ஆலைகள் எவ்வளவு சும்மா கிடக்கின்றன, மற்ற நாடுகள் கதவை அடைத்துவிட்டனவா என்பதெல்லாம் பேசப்படும்.

இங்கே மலேசியாவில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி மித்தி, அதாவது முதலீடு, வணிகம், தொழில் அமைச்சு, விசாரிக்கிறது. உள்ளூர் ஆலைகள் வழக்கறிஞர் வைத்துப் பதில் எழுதும். தகடு வாங்கும் பட்டறைகள் வாயே திறப்பதில்லை. பொருளைப் பயன்படுத்தும் தொழில்களுக்கும் தகவல் கொடுக்க வாய்ப்புத் தரவேண்டும் என்பது விதி. சங்கமாகச் சேர்ந்து எழுதுங்கள்!

சரசு அக்கா: அடுத்த மாதம் வரி ஏறும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கூரைத் தகரத்தை இப்போதே வாங்கிவிடவா?

அரசிதழில் தேதி இருக்கிறதா பாருங்கள் அக்கா. வாட்ஸ்அப்பை நம்பிப் பணத்தை முடக்காதீர்கள்.

குமரன்: ஆன்லைனில் வாங்கும் சட்டைக்கு எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) எவ்வளவு?

அது வேறு வரி. சுங்கத்துறையில் கேளுங்கள்.

தேவி: நம் பொருளுக்கும் மற்றவர்கள் இப்படிச் செய்கிறார்களா?

செய்கிறார்கள் அம்மா. தோட்டத்து ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: மலேசிய ரப்பர் நூலுக்கு அமெரிக்கா 1992இலேயே டம்பிங் வரி போட்டது. 2004இல் சீனா, தாய்லாந்தோடு சேர்த்து நம் பிளாஸ்டிக் பைகளுக்கும் போட்டது. பைகள் மீதான வரி ஒன்றுக்கு மேற்பட்ட மறுஆய்வுகளைத் தாண்டி நீடித்தது. அங்கே டம்பிங்கை வணிகத்துறை பார்க்கும், பாதிப்பைத் தனி ஆணையம் பார்க்கும்.

மணியம்: ஆலையைக் காப்பாற்ற எங்கள் பட்டறையை மூடுவதா அண்ணே?

ராஜு: என் மகன் இரும்பாலையில்தான் வேலை செய்கிறான். மலிவுத் தகடு வந்து குவிந்தால் அவனுக்குச் சோறு யார் போடுவார்கள்?

இரண்டு பேர் பயமும் நியாயமானது. ஆலை மூடினால் திரும்பத் திறப்பது கடினம். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையும் அப்படித்தான். அதனால்தான் பொதுநலனைப் பார்க்கவும் நம் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் மணியம், விலை ஏற்றத்தை ரசீதோடு எழுதிக் கொடுத்தால்தான் அது கணக்கில் வரும். காப்பிக்கடையில் சொன்னால் வராது.

இன்னொன்று, எல்லா வெளிநாட்டு ஆலைக்கும் ஒரே வரி விகிதம் இல்லை. விசாரணைக்கு ஒத்துழைத்த ஆலைக்குத் தனி விகிதம் கிடைக்கும். தனியாகப் பெயர் குறிப்பிடப்படாத ஆலைகளுக்குப் பெரும்பாலும் அதிகம். தயாரிப்பாளர் பெயர் உள்ள ஆலைச் சான்றிதழ் இல்லாமல் சரக்கு எடுக்காதீர்கள்.

செல்வம்: ஐந்தாண்டு முடிந்தால் வரி போய்விடும்தானே?

முதல் பதிலைப் படியுங்கள். அரசிதழ்த் தேதியையும் பாருங்கள்.

வேலு: கம்பிக்கும் இதே கதையா?

விதி அதேதான். விகிதமும் முடியும் தேதியும் பொருளுக்குப் பொருள் மாறும். அரசிதழ்!