ஒட்டுப் படம் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டை மராமத்துக்காக ஒழித்தபோது, பட்டாலையில் மாட்டியிருந்த பெரிய படம் ஒன்றை இறக்கினோம். ஐயா (அப்பாவின் அப்பா) நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அப்பத்தா பக்கத்தில் நிற்கிற படம். கீழே மையால் 1937 என்று எழுதியிருக்கிறது. வீட்டுக் கணக்கின்படி ஐயா 1936இல் ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடை பார்க்கப் போய் 1939இல்தான் திரும்பினார். நடுவில் வரவேயில்லை. ‘இது டுபாக்கூர் படம், சட்டத்தை மட்டும் வச்சுக்கலாம்’ என்கிறான் என் தம்பி. இதை எடுத்தவர் எப்படிப்பட்ட ஆளாக இருந்திருப்பார்? அவரைக் கலைஞர் என்று சொல்லலாமா, வெறும் தொழில்காரர்தானா?

(பெயர் வேண்டாம்)
சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இந்த மாதிரிப் படங்கள் சுவரோடு சாத்திக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். வருகிறவர்கள் தேக்குச் சட்டத்துக்குத்தான் விலை கேட்பார்கள். உள்ளே இருக்கும் ஆச்சியை யாரும் கேட்பதில்லை.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது ஒட்டுப் படம். யாரும் யாரையும் ஏமாற்றச் செய்ததில்லை. வீட்டார் கேட்டு, காசு கொடுத்துச் செய்துகொண்டது. பர்மாவில் கடை பார்க்கப் போனவர்களுக்கு மூன்று வருஷக் கணக்கு. பெரும்பாலான வீடுகளில் பெண்கள் ஊரிலேயே இருந்தார்கள். ரங்கூன் ஸ்டூடியோவில் தனியாக எடுத்த படம் கப்பலில் வரும். இங்கே ஆச்சியைத் தனியாக எடுப்பார்கள். அப்புறம் இரண்டையும் சேர்க்க வேண்டியதுதான்.

எப்படிச் சேர்ப்பார்கள் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவர். 1980களின் கடைசியில் நான் பாஸ்போர்ட் படம் எடுக்கப் போய், நாலைந்து வருஷம் சும்மாவே போய் உட்கார்ந்திருந்த இடம் அது. அப்போதே எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன முறை இது. இரண்டு தலையும் ஒரே அளவில் வருகிற மாதிரி பிரிண்ட் போட வேண்டும். ஓரத்தைப் பிளேடால் அறுத்து எடுத்து, அறுத்த விளிம்பின் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துச் சிகரெட் தாளாட்டம் ஆக்கிவிட வேண்டும். விளிம்பு தடித்திருந்தால் நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரே அட்டையில் இரண்டையும் ஒட்டி, இடைவெளியைத் தூரிகையால் மூடி, அதை மறுபடி படம் எடுத்துப் புது நெகட்டிவ் செய்ய வேண்டும். “செட்டியார் ரங்கூன்ல, ஆச்சி கானாடுகாத்தான்ல. நடுவுல கடலு. நம்மகிட்ட பிளேடும் பசையும் இருக்கு தம்பி, வேற என்ன வேணும்?” என்பார்.

அதெல்லாம் சுலபமாம். வெளிச்சம்தான் சிரமம். கரண்ட் வராத காலத்து ஸ்டூடியோவில் கண்ணாடிக் கூரை, அதன் கீழே வெள்ளைத் துணி. அதை இழுத்தும் சுருக்கியும்தான் நிழலை மட்டுப்படுத்துவார்கள். ரங்கூன்காரர் எந்தப் பக்கம் வெளிச்சம் வைத்திருக்கிறார் என்று பார்த்து, ஆச்சியையும் அதற்கு ஏற்றபடி நிறுத்த வேண்டும். உங்கள் படத்தில் இரண்டு பேருடைய மூக்கு நிழலையும் பாருங்கள். ஒரே பக்கம் விழுந்திருந்தால் எடுத்தவர் கெட்டிக்காரர். அடுத்து, அப்பத்தாவின் காலும் நாற்காலிக் காலும் தரையில் ஒன்றுபோல் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். சில பேர் அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியை வரைந்து தப்பித்துக்கொள்வார்கள்.

கலைஞரா என்று கேட்கிறீர்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. பெரியவருடைய அப்பா நாடக கம்பெனிகளுக்குத் திரை எழுதியவர். தர்பார் சீன், தெருச் சீன், காட்டுச் சீன். காலண்டர் சாமி படங்களால் எல்லாருக்கும் தெரிந்த கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் நாடகத் திரை எழுதியவர்தானே. திரையில் தூணும் படிக்கட்டும் எழுதிய கை, ஸ்டூடியோவின் பின்னால் தொங்கும் துணிக்கும் அதையே எழுதியது. வீட்டில் பர்மாத் தேக்குத் தூண் வரிசையாக நிற்கிற செட்டியார், இங்கே வந்து துணியில் எழுதிய தூணுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

பெரியவர் பதினைந்து வயதில் ஒரு படக்காரரிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். ஆச்சிகள் ஸ்டூடியோவுக்கு வர மாட்டார்கள் என்பதால் கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வீட்டு வளவுக்குள் போய் எடுத்திருக்கிறார்கள். இவருக்கு அங்கே இருந்த முக்கியமான வேலை, நிறம் எழுதுவது. அந்தக் காலத்துப் பிளேட்டுகளில் பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது. அரக்குப் பட்டும் குங்குமமும் கறுப்பாகவே விழும். பிறகு கையால் வர்ணம் தீட்டுகிறவருக்கு எது என்ன நிறம் என்று தெரிய வேண்டுமே. அதனால் பிரிண்டின் பின்னால் பென்சிலில் எழுதி அனுப்புவார்: ‘புடவை அரக்கு, கரை பச்சை, ரவிக்கை ஊதா.’

வர்ணம் தீட்டியது முதலாளியின் மகள். குச்சியில் பஞ்சு சுற்றி வீட்டுக்குள் இருந்தே செய்வார். இரண்டு வருஷம் இவர் எழுதியதும் அவர் தீட்டியதும்தான். முகம் பார்த்ததில்லை. ஒரு நாள் தீட்டி வந்த படத்தைத் திருப்பினால், இவர் எழுத்துக்குக் கீழே வேறு ஒரு கையெழுத்து: ‘இந்த ஆச்சிக்கு அரக்கு எடுக்காது. மாற்றியிருக்கிறேன்.’ இவருக்குப் பயங்கரக் கோபம். அடுத்த படத்தின் பின்னால், ‘உள்ளதை எழுதுவது என் வேலை’ என்று எழுதி அனுப்பினார். அதற்கு வந்த பதிலை மட்டும் என்னிடம் சொல்லவேயில்லை. கேட்டால் டார்க் ரூமுக்குள் போய்விடுவார். எப்படியோ, இரண்டு வீட்டுச் சண்டைகளுக்குப் பிறகு கல்யாணம் நடந்தது. ஒட்டுகிற வேலை இவருக்கு, ஒட்டை மறைக்கிற வேலை அந்த அம்மாவுக்கு. ஸ்டூடியோ முத்திரையில் அவர் பெயர் கிடையாது. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

நான் போய்வந்த காலத்தில் அந்த அம்மா இல்லை. கல்லாவுக்கு மேலே இரண்டு பேரும் இருக்கிற படம் தொங்கியது. ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன், இவர் மூக்கு நிழல் வலது பக்கம், அந்த அம்மாவுடையது இடது பக்கம். ஊருக்கெல்லாம் வெளிச்சத்தை ஒன்றாக்கிக் கொடுத்த மனுஷர். கேட்டேன். இவரை அந்த அம்மா காலையில் எடுத்தார், அந்த அம்மாவை இவர் சாயங்காலம் எடுத்தார். படம் எடுக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் அந்த இரண்டே பேர்தான். “மறுபடி எடுத்துச் சரி பண்றேன்னேன், அவ விடலை” என்று படத்தைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். பென்சிலில், அந்த அம்மாவின் கையெழுத்து: ‘புடவை மாம்பழ மஞ்சள். சட்டை வெள்ளை. வேறு எதையும் தொட வேண்டாம்.’

சரி, உங்கள் படத்துக்கு வருகிறேன். கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். அட்டையில் ராமபாணப் பூச்சி ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். எடுத்தவர் பெயர் பெரும்பாலும் அட்டையின் கீழ்மூலையில் அழுத்து முத்திரையாக இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து எழும்பும். பழைய தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிச் சேர்த்திருக்கிறது, அவர்களையும் கேட்டுப் பார்க்கலாம்.

சட்டத்தைக் கழற்றுவதாக இருந்தால் படத்தின் பின்பக்கத்தையும் போனில் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.