நீச்சல் குளத்துக்கு வீட்டுப் பக்கமும் வேலி வேண்டுமா?

கேள்வி: நத்தம் சாலையில் ஊமச்சிகுளத்தைத் தாண்டி இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டில் 25 அடி நீளத்தில் நீச்சல் குளம் கட்டிக்கொண்டிருக்கிறோம். சித்திரைத் திருவிழாவுக்கும் கோடை விடுமுறைக்கும் 2 வயதிலும் 5 வயதிலும் உள்ள பேரப்பிள்ளைகள் வருவார்கள். தோட்டத்தைச் சுற்றி 7 அடி மதில் இருப்பதால் வேலி தேவையில்லை, ஓர் அலாரமும் மேலே விரிக்கத் தார்ப்பாயும் போதும் என்கிறார் கான்ட்ராக்டர். வேலி போட்டால் வராந்தாவிலிருந்து பார்க்க அழகு கெட்டுவிடும் என்கிறார்கள் வீட்டில். எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: மதில் சுவர் தெருப்பிள்ளையைத் தடுக்கும், வீட்டுக்குள்ளிருந்து வரும் உங்கள் பேரனைத் தடுக்காது. வீட்டு நீச்சல் குளங்களில் சிறு பிள்ளைகள் மூழ்குவது பெரும்பாலும் எல்லோரும் குளித்துக்கொண்டிருக்கும் வேளையில் அல்ல, குழந்தை உள்ளே தூங்குகிறது அல்லது விளையாடுகிறது என்று பெரியவர்கள் நம்பிக்கொண்டிருக்கும் வேளையில்தான். ஆகவே வீட்டுக்கும் குளத்துக்கும் இடையிலும் சேர்த்து, நான்கு பக்கமும் வேலி போடுங்கள். வீட்டுச் சுவரையே நான்காவது பக்கமாகக் கொண்டு மூன்று பக்கம் மட்டும் வேலி போடுவதைவிட, நான்கு பக்கமும் சூழ்ந்த வேலியே விபத்தைக் கூடுதலாகத் தடுக்கிறது என்பது வெளிநாட்டு ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், அந்த ஒன்று வேலியாகவே இருக்கட்டும்.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வேலிக்குக் கேட்கப்படும் குறைந்த உயரம் ஏறத்தாழ 4 அடி. இடம் ஒத்துவந்தால் 5 அடி வைப்பது என் விருப்பம். கம்பிகளுக்கு இடையில் 4 அங்குலத்துக்கு மேல் சந்து இருக்கக் கூடாது. அடியில் மண் தரையாக இருந்தால் வேலிக்கும் தரைக்கும் இடைவெளி 2 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். நம் ஊர் கிரில் பட்டறைகளில் பூவும் கொடியும் வளைத்துத் தரும் டிசைன்களுக்குத் தனி மயக்கம் உண்டு. ஆனால் அந்த வளைவு ஒவ்வொன்றும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு படி. நேர் செங்குத்துக் கம்பிகளே போதும், குறுக்குக் கம்பி தேவைப்பட்டால் அது குளத்தின் பக்கமாக அமையட்டும். வேலிக்கு வெளியே மூன்றடிக்குள் பிளாஸ்டிக் நாற்காலி, பூந்தொட்டி, உபயோகமில்லாத ஆட்டுக்கல் என்று ஏறி நிற்கத் தோதான எதுவும் கிடக்கக் கூடாது. அழகைப் பற்றிய வருத்தத்துக்கு ஒரு வார்த்தை: செங்குத்துக் கம்பி வேலிக்குள்ளே குளம் நன்றாகவே தெரியும், அப்படித் தெரிவதும் பாதுகாப்புக்கு அவசியம்.

வேலியைவிட அதன் கதவுதான் அதிகம் ஏமாற்றும். கதவு குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, வெளியே திறக்க வேண்டும். கையை விட்டதும் ஸ்பிரிங் கீலினால் தானே மூடித் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். தாழ் நாலரை அடிக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும். விருந்தாளிகள் வந்துபோக வசதியாகச் செங்கல்லை முட்டுக் கொடுத்துக் கதவைத் திறந்து வைக்கும் வீட்டில் வேலி போட்டும் போடாததும் ஒன்றுதான். குளோரின் காற்றில் சாதாரண இரும்புக் கீல் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் கீலும் தாழும் துருப்பிடிக்காத எஃகில் இருப்பது நல்லது.

தார்ப்பாயை ஒதுக்கிவிடுங்கள். குழந்தை கால் வைத்தால் அது அமிழ்ந்து குழந்தையைச் சுற்றிக்கொள்ளும்; ஐப்பசி மழையில் அதன்மேல் தேங்கும் சில அங்குலத் தண்ணீரே ஒரு குழந்தைக்கு ஆபத்தானது. பாதுகாப்பு மூடி என்று சொல்லத் தக்கது, நான்கு ஓரங்களிலும் தரையில் பிணைக்கப்பட்டு ஆளின் எடையைத் தாங்குவது. அமெரிக்கத் தரவிதி 8 அடிக்கு மேல் அகலமுள்ள குளத்தின் மூடி சுமார் 220 கிலோவைத் தாங்க வேண்டும் என்கிறது. அலாரத்தை வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் தண்ணீரில் மிதக்கும் அலாரம் பிள்ளை விழுந்த பிறகுதான் கத்தும், அதைக் கேட்க ஆள் வேண்டும். அழகர்மலைப் பக்கத்துக் குரங்குகள் இறங்கினாலும் அது கத்தும் என்பதால் இரண்டாம் வாரமே யாராவது அணைத்து வைத்துவிடுவார்கள்.

கட்டும்போதே செய்ய வேண்டிய இன்னொன்று: குளத்தின் அடியில், பம்பு தண்ணீரை இழுக்கும் உறிஞ்சு வாய் ஒன்றே ஒன்று இருந்தால், அதில் உடலோ முடியோ ஒட்டிக்கொண்டால் பெரியவரால்கூட இழுத்து எடுக்க முடியாது. குறைந்தது மூன்றடி இடைவெளியில் இரண்டு வாய்களும், தட்டையாக இல்லாமல் மேடாக எழும்பிய மூடிகளும் கேளுங்கள். அமெரிக்காவில் 2002-இல் 7 வயதுச் சிறுமி ஒருத்தி இப்படி இறந்த பிறகு, 2007-இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது.

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் வயலில் பம்புசெட் தொட்டியில்தான் பிள்ளைகள் குளிக்கிறார்கள். இதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: மின்சாரத்தை முதலில் பாருங்கள். மோட்டார் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றைத் தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்தி, எர்த் சரியாக இருக்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் இறங்கும்போது மோட்டாரை நிறுத்திவிடுங்கள். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லையென்றால், தொட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைக் கட்டுங்கள்.

கேள்வி: நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் கண்காணிப்பு தேவையா? மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்ற வேண்டும் என்கிறார்களே?

பதில்: தேவை. கையில் மாட்டும் காற்றடைத்த வளையங்கள் விளையாட்டுச் சாமான்கள், உயிர்காக்கும் சாதனங்கள் அல்ல. காதுகுத்து, விருந்து என்று கூட்டம் சேரும் நாளில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நினைத்து ஒருவரும் பார்க்காமல் போவார்கள். ஆகவே குளத்தைப் பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்து, அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தை வீணாக்குவதோடு, வாந்தி மூச்சுக்குழலில் போகவும் வழி செய்யும். மூச்சில்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதி, பிறகு 30 முறை மார்பை அழுத்தி 2 முறை ஊதுவதைத் தொடர வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். பிள்ளை இருமி எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் அன்றே மருத்துவமனையில் காட்டுங்கள்.