லீ ஜங்-உன்: மேடையில் வளர்ந்த நடிகை (கேள்வி பதில்)

பாரசைட் என்ற கொரியப் படத்தில் பணக்கார வீட்டின் பழைய வேலைக்காரம்மா மூன்-குவாங்காக வந்தவர் தென் கொரிய நடிகை லீ ஜங்-உன். அவரைப் பற்றி யார் என்ன கேட்டாலும் சொல்கிறேன் என்றிருந்தேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

அக்கா, நான் இவங்களை பாரசைட்லதான் முதல்ல பார்த்தேன். அதுக்கு முன்னாடி எங்கே இருந்தாங்க?

மேடையில். 1970-இல் பிறந்தவர், ஹான்யாங் பல்கலைக்கழகத்தில் நாடகமும் திரைப்படமும் படித்தவர். 1991-இல் ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் மேடையேறினார். பாரசைட் வந்தது 2019-இல். இடையில் இருபத்தெட்டு வருடம்!

அந்த வருடங்களில் பெரும்பகுதி தலைநகர் சியோலின் தேஹாங்னோ பகுதியில் கழிந்தது. சியோல் தேசியப் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது. 1975-இல் பல்கலைக்கழகம் இடம் மாறிப்போக, பிறகு அந்தப் பகுதி நாடகக்காரர்களின் பேட்டையாக மாறியது. இன்று சின்னச் சின்ன அரங்குகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. பல அரங்குகள் தரைக்குக் கீழே இருப்பவை. முன்வரிசையில் உட்கார்ந்தால் நடிகர் மூச்சு விடுவது கேட்கும். அங்கே பொய்யாக அழ முடியாது.

2000-இல் ஒரு படத்தில் சின்ன வேடம் கிடைத்தது. ஆனால் கேமராவைப் பார்த்தாலே பயம் பிடித்துக்கொண்டதால் மேடைக்கே திரும்பிவிட்டார். மறுபடி திரையில் தெரிந்தது 2009-இல், பின்னால் பாரசைட்டை இயக்கிய போங் ஜூன்-ஹோவின் மதர் படத்தில். அதிலும் சின்ன வேடம்தான்.

நாடகத்துல நடிச்சு சாப்பிட முடியுமா அங்கே?

பெரும்பாலானவர்களால் முடியாது. இவராலும் முடியவில்லை. நாற்பது வயது வரைக்கும் பக்க வேலை பார்த்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கடையில் வேலை, சோயா சாஸ் விற்பனை, பச்சைக் காய்கறிச் சாறு விற்பனை, நடிப்புப் பயிற்சி வகுப்பு, நாடகங்களுக்கு உதவி இயக்கம் என்று எல்லாமும் செய்திருக்கிறார். அவர் நடிக்கும் சந்தைக்காரி, வேலைக்காரி, கடைக்காரம்மா எல்லாம் எப்படி இத்தனை உண்மையாக இருக்கிறார்கள் என்று பலர் வியக்கிறார்கள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர் அவர், அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மேடையில் அவர் செய்ததில் எது முக்கியமானது?

என்னைக் கேட்டால் 'பல்லே' இசைநாடகம். துணி துவைப்பதுதான் தலைப்பு. சூ மின்-ஜூ எழுதி, மின் சான்-ஹோங் இசையமைத்தது. 2005-இல் அரங்கேறி, இன்றும் மறுபடி மறுபடி மேடையேறுகிறது. மலைமேட்டில் வாடகை வீடுகள் நெருக்கியடிக்கும் ஒரு சியோல் குடியிருப்பு, வெளியூரிலிருந்து பிழைக்க வந்து புத்தகக் கடையில் வேலை பார்க்கும் நா-யோங், பக்கத்து மாடியில் மங்கோலியாவிலிருந்து வந்த தொழிலாளி சொலோங்கோ. இவர்களைச் சுற்றித்தான் கதை.

அந்த வீட்டுக்காரப் பாட்டியாகத்தான் லீ ஜங்-உன் நடித்தார். வாடகைக்குக் கறாராக நிற்கும், வாயாடும் கிழவி. ஆனால் உள்ளறையில் உடல் முடியாத வளர்ந்த மகள் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய துணிகளைத் தினமும் துவைத்துக் காயப்போடுவது அந்தக் கிழவிதான். இதை நடிக்கும்போது லீக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பின்னால் திரையில் நாம் பார்க்கும் அவருடைய அம்மாக்கள் அத்தனை பேருக்கும் விதை இங்கேதான் என்று உறுதியாகச் சொல்வேன். கரடுமுரடாகப் பேசிக்கொண்டே பாசத்தைக் கையால் செய்கிற பெண்கள் அவர்கள்.

ஓக்ஜா படத்துல அந்தப் பன்றிக்குக் குரல் கொடுத்தது இவங்கதானா? நிஜமாவா?

நிஜம்தான். 2017-இல் வந்த அந்தப் படத்தில் ஓக்ஜாவின் குரல் இவருடையது. வசனமே இல்லை. பெருமூச்சு, முனகல், பயத்தில் வரும் சத்தம், இவ்வளவுதான். அவற்றை வைத்தே ஒரு மிருகத்துக்கு மனசு இருப்பதை உணர்த்திவிடுகிறார். அதே படத்தில் சக்கர நாற்காலியில் வரும் பெண்ணாக ஒரு நொடி முகமும் காட்டுகிறார், தேடிப் பாருங்கள்.

எப்பப் பார்த்தாலும் அம்மா வேடமே கொடுக்கறாங்களே, கஷ்டமா இல்லையா?

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அந்த அம்மாக்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் இல்லை. 'வென் த கமீலியா ப்ளூம்ஸ்' தொடரில் கதாநாயகியாக வரும் நடிகை கோங் ஹ்யோ-ஜினுக்கு அம்மா. இரண்டு பேருக்கும் பத்து வயதுதான் வித்தியாசம்! சின்ன வயதில் மகளைக் கைவிட்டுப்போனவள், நோயோடும் ஒரு நோக்கத்தோடும் திரும்பி வருகிறாள். அவளை வெறுப்பதா அணைப்பதா என்று நம்மைக் கடைசிவரை தவிக்க விடுகிறார்.

அப்புறம் 2019 தொடக்கத்தில் வந்த 'த லைட் இன் யுவர் ஐஸ்' தொடர். (தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) இருபத்தைந்து வயதுப் பெண் திடீரென்று கிழவியாகிவிடுகிறாள். கிழவியாக நடித்தவர் கிம் ஹே-ஜா, 1941-இல் பிறந்தவர். அவருக்கு அம்மாவாக, கிட்டத்தட்ட முப்பது வயது இளையவரான லீ ஜங்-உன். முடிவில்தான் தெரிகிறது, அந்தக் கிழவிக்கு ஞாபகமறதி நோய், அம்மா என்று நாம் நினைத்தவள் உண்மையில் மருமகள். மறுபடி முதலிலிருந்து பார்த்தால், லீயின் ஒவ்வொரு பார்வையும் இரண்டு உறவுக்கும் பொருந்துகிறது. ஒரே முகத்தில் அம்மாவையும் மருமகளையும் வைத்திருக்கிறார். அதற்குத்தான் 2019-இல் கொரியாவின் பெக்சாங் விருதில் சிறந்த துணை நடிகை.

வில்லியா நடிச்சிருக்காங்களா?

'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஃப்ரம் ஹெல்' பாருங்கள். மலிவான தங்கும் விடுதியை நடத்தும் பெண், சிரித்த முகத்தோடு முட்டை கொடுக்கிறாள், வயிற்றைப் பிசைகிறது. இந்தத் தொடரும் கமீலியாவும் 2019 இலையுதிர் காலத்தில் சில வாரங்கள் ஒரே சமயத்தில் ஒளிபரப்பானது தெரியுமா? அதே ஆண்டு மே மாதம் பாரசைட். ஒரு நடிகைக்கு ஒரே வருடத்தில் இத்தனை வகை!

இவ்வளவு திறமையானவருக்கு இவ்வளவு தாமதமாகவா அங்கீகாரம் கிடைக்க வேண்டும்? அநியாயம் இல்லையா?

2019 நவம்பரில் பாரசைட்டுக்காக கொரியாவின் ப்ளூ டிராகன் திரைப்பட விருதில் சிறந்த துணை நடிகையானபோது, இதற்கு அவரே மேடையில் பதில் சொன்னார். வெளிச்சம் தாமதமாக விழுந்ததாகச் சொல்கிறார்கள், ஆனால் இந்த முகமும் உடம்பும் உருவாக அந்தக் காலம் தேவைப்பட்டது என்ற பொருளில் பேசினார். அதை வெறும் பணிவு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. மழை இரவில் அழைப்புமணி அடித்துவிட்டு மூன்-குவாங் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் காட்சியையும், பிறகு வட கொரிய செய்தி வாசிப்பாளர் போலப் பேசிக் காட்டும் இடத்தையும் முப்பது வயதில் அவரால் இந்த அளவுக்குச் செய்திருக்க முடியுமா என்பது சந்தேகம். ஆனாலும் நாடகக் கலைஞர்கள் கடையில் நின்றுதான் பிழைக்க வேண்டும் என்பதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டும் உண்மை.

2020 ஜனவரியில் அமெரிக்கத் திரைநடிகர் சங்கத்தின் சிறந்த நடிகர் குழு விருதை பாரசைட் குழு வென்றது. ஆங்கிலம் அல்லாத படம் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை.

கதாநாயகியாக நடித்திருக்கிறாரா?

'ஓமாஜ்', இயக்கம் ஷின் சு-வோன். படங்கள் ஓடாமல் சோர்ந்துபோன நடுவயதுப் பெண் இயக்குநர், 1960-களில் இன்னொரு பெண் இயக்கிய படத்தின் தொலைந்த பகுதிகளைத் தேடிப்போகிறார். அந்தப் பழைய படமும் அதன் இயக்குநர் ஹோங் உன்-வோனும் நிஜம். லீ இதில் எதையும் உரக்கச் செய்வதில்லை. இந்தப் படம் இன்னும் பலருக்குப் போய்ச் சேராதது எனக்கு வருத்தம். 2024-இல் 'மிஸ் நைட் அண்ட் டே' தொடரிலும் முதன்மை வேடம். பகலில் மட்டும் ஐம்பது வயதாகிவிடும் இளம்பெண். அந்த உடம்புக்குள் இருபது வயதுத் துள்ளலைக் கொண்டுவருகிறார்.

இவரை மாதிரி மேடையிலிருந்து வந்த வேறு நடிகை?

யோம் ஹே-ரான். யோனு மூடே நாடகக்குழுவிலிருந்து வந்தவர். 'த குளோரி' தொடரில் கணவனிடம் அடிபடும் அம்மா அவர்தான். தனியாக எழுத வேண்டிய ஆள்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க எதை முதலில் பார்க்கலாம்?

பாரசைட் பார்த்தாகிவிட்டது என்றால், 2022-இல் வந்த 'அவர் ப்ளூஸ்'. ஜெஜு தீவின் சந்தையில் மீன் விற்கும் உன்-ஹுயி. தம்பிகளைப் படிக்கவைத்து ஆளாக்கியவள், ஒவ்வொரு கடையாகச் சொந்தமாக்கிச் சேர்த்தவள், பள்ளிக்கால முதல் காதலன் ஊருக்குத் திரும்பி வந்ததும் தடுமாறுகிறாள். அவர்கள் கதை முதல் மூன்று பகுதிகளிலேயே வந்துவிடும். அது பிடித்தால் 'த லைட் இன் யுவர் ஐஸ்' போடுங்கள், பன்னிரண்டே பகுதிதான். முடிவை யாரிடமும் கேட்காதீர்கள்.