இரவு 2 மணிக்கு விழிப்பு வந்தால் கல்லீரல் கெட்டுவிட்டது என்று அர்த்தமா?

தினமும் இரவு 2 மணிக்கு விழிப்பு வருகிறது, சீன மருத்துவக் கடிகாரப்படி 1 முதல் 3 கல்லீரல் நேரமாமே என்று வாட்ஸ்அப் படத்தைப் பார்த்துப் பயந்து கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே மாதிரி ஒரு பயம் வந்து தெளிந்தது.

சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு சீன மருந்துக் கடை. நாலைந்து மாதமாக எனக்கு வயிற்று உப்புசம், சாப்பிட்டதும் அசதி. சரி, பார்ப்போமே என்று போனேன். சின்சே (சீன வைத்தியரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா. மேசைமேல் குட்டித் தலையணை, அதில் என் மணிக்கட்டு. மூன்று விரல் வைத்தார். ஒரு விரலை அழுத்துவார், இன்னொன்றைத் தளர்த்துவார், பேச்சே இல்லை. ஒவ்வொரு விரலுக்கும் ஓர் உறுப்பின் நாடியாம்: இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம். அப்புறம் நாக்கை நீட்டச் சொன்னார். ஓரத்தில் பல் பதிந்த தடம் இருந்ததாம். "ஸ்ப்ளீன் வீக்" என்றார், அதாவது மண்ணீரல் பலவீனம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கு ஓடினேன். ஒரு குறையும் இல்லை.

அடுத்த முறை போனபோது இதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். அவர்கள் மண்ணீரலை 'பி' என்கிறார்கள். தின்றதைப் பக்குவப்படுத்தி உடம்பெங்கும் அனுப்பும் வேலை மொத்தமும் அந்தப் பெயரில் அடங்கும். ஹுவாங்டி நெய்ஜிங் என்ற பழைய நூலில் இதயம் அரசன், கல்லீரல் தளபதி, மண்ணீரலும் இரைப்பையும் களஞ்சிய அதிகாரிகள். என் களஞ்சியக்காரர் களைத்துப்போனார், அவ்வளவுதான் சேதி. காரணம், நாளுக்கு மூன்று கோப்பி பெங் (ஐஸ் போட்ட காபி). ஐஸை நிறுத்து, காலையில் சூடாகக் கஞ்சி குடி என்று சொல்லி, அதிமதுரம் கலந்த ஒரு பொடியும் தந்தார். உப்புசம் குறைந்தது. பொடியாலா, கஞ்சியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் சந்தேகம் கோப்பி பெங்கின் மேல்தான்.

இனி உங்கள் 2 மணி. அந்த மருத்துவத்தில் கல்லீரல் என்பது உயிராற்றல் தடையில்லாமல் ஓடுவதைப் பார்த்துக்கொள்வது. கோபமும் அதன் கணக்கில்தான். ஒரு நாளைப் பன்னிரண்டாகப் பிரித்து, அதிகாலை 3 முதல் 5 நுரையீரல், காலை 7 முதல் 9 இரைப்பை என்று வைத்தார்கள். கைப்பேசி இல்லாத காலம், எல்லாம் சூரியக் கணக்கு. சிங்கப்பூரிலேயே உச்சிப்பொழுது 1 மணி வாக்கில்தான். சீனா முழுக்க பெய்ஜிங் நேரம் என்பதால் மேற்கே உரும்ச்சியில் உச்சி வர மதியம் 2 தாண்டிவிடும். அங்கே இரவு 2 மணிக்கு விழிப்பவருக்கு சூரியக் கணக்கில் நள்ளிரவே ஆகவில்லை. அந்தப் படத்தின்படி அவருக்குப் பித்தப்பை நேரம் (இரவு 11 முதல் 1)! படத்தை அனுப்பியவர் இதையெல்லாம் யோசித்திருப்பாரா?

கண் மஞ்சள், கால் வீக்கம், சிறுநீர் அடர்நிறம் என்று ஏதாவது இருந்தால் உடனே டாக்டரைப் பார்த்து எல்.எஃப்.டி. (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை) எடுங்கள். 'கல்லீரலைச் சுத்தம் செய்யும்' என்று இணையத்தில் விற்கும் மூலிகைப் பொடியை மட்டும் வாங்காதீர்கள். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கும் மருந்தில், பெயர் ஒற்றுமையால் ஒரு சீன மூலிகைக்குப் பதில் வேறு செடி கலந்துபோய், பல பெண்களுக்குச் சிறுநீரகமே செயலிழந்தது.

இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, கடைசி காபி எப்போது, எழுந்ததும் சிறுநீர் கழிக்கப் போகிறீர்களா என்று கமெண்டில் எழுதுங்கள். நானாக இருந்தால் முதலில் அங்கேதான் தேடுவேன்.