27 கையெழுத்து, ஒரு மருத்துவர் கடிதம்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. ஆஸ்துமா உண்டு, நாய் என்றால் ஒவ்வாமை. இந்த ஆண்டு வலிப்பு நோயுள்ள ஒரு பையன் அவள் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். கூடவே பயிற்சி பெற்ற சேவை நாயும் வருகிறது. முதல் வாரத்திலிருந்தே இவளுக்குத் தும்மல், கண் அரிப்பு. பள்ளியில் மருத்துவர் கடிதம் கேட்டார்கள். வேலை நெருக்கடியில் இன்னும் வாங்கவில்லை. நாயை அனுமதிக்கக் கூடாது என்று 27 பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்காக மற்ற எல்லாப் பிள்ளைகளும் கஷ்டப்பட வேண்டுமா?

பதில்: சகோதரி, 27 பேரைத் தேடிப்போய்ப் பேசிக் கையெழுத்து வாங்க உங்களுக்கு நேரம் இருந்திருக்கிறது. பெற்ற மகளை மருத்துவரிடம் கூட்டிப்போக நேரம் இல்லை. இதை எப்படி ஒரே கடிதத்தில் எழுதினீர்கள்?

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் ‘மற்ற எல்லாப் பிள்ளைகளும்’ வந்துவிடுவார்கள். உங்கள் கடிதத்தில் தும்முவது உங்கள் மகள் ஒருத்திதான். அவளுக்காக இதுவரை என்ன செய்தீர்கள்?

இன்றைக்குத் தும்மல், நாளைக்கு மூச்சுத் திணறலாக மாறலாம். நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதம்தான் ஒவ்வாமைக்குக் காரணம். நாய் வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளின் உடையில் ஒட்டிக்கொண்டு, நாயே வராத வகுப்புக்கும் அது வந்துவிடும். அதனால் இந்த நாயை விரட்டினாலும் உங்கள் மகளுக்கு முழுப் பாதுகாப்பு இல்லை. ஒவ்வாமை எவ்வளவு கடுமை, என்ன மருந்து, இன்ஹேலரை எப்போது கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தந்தால்தான் ஆசிரியருக்கு வழி தெரியும். அந்தத் தாளைத்தான் நீங்கள் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள்.

அந்த நாய் செல்லப் பிராணி இல்லை. பையன் வலிப்பு வந்து விழுந்தால் குரைத்து ஆளைக் கூப்பிட, பக்கத்திலேயே இருக்க என்று பழக்கப்பட்டிருக்கும். அதை வாசலிலேயே நிறுத்து என்பது, நடக்க முடியாதவரிடம் ஊன்றுகோலை வெளியே வைத்துவிட்டு வா என்பது போலத்தான். அமெரிக்காவில் 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ், ஒவ்வாமையோ நாய்ப் பயமோ சேவை நாயைத் தடுக்கக் காரணம் ஆகாது. இருவரையும் அறையின் வேறு வேறு பக்கத்திலோ, வேறு அறையிலோ உட்காரவைத்து இருவர் தேவையையும் கவனிக்க வேண்டும். நாய் கட்டுக்கு அடங்காமல் போனால் வெளியேற்றச் சொல்லலாம். உங்கள் ஊரில் விதி வேறாக இருந்தாலும், எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு விஷயத்தில். நோயாளிப் பிள்ளையைப் பெற்ற ஒரு தாய், இன்னொரு நோயாளிப் பிள்ளைக்கு எதிராக ஆள் திரட்டுகிறார். உங்கள் மகளும் பள்ளியிடம் சலுகை கேட்க வேண்டியவள்தான். நாளைக்கு அவளுடைய இன்ஹேலரும் தனி இடமும் தொந்தரவு என்று 27 பேர் கையெழுத்துப் போட்டால் எங்கே போய் நிற்பீர்கள்? பிள்ளைக்காகப் போராடுவது தாயின் கடமை. அதற்கு அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பலியாக்க யாருக்கும் உரிமை இல்லை.

இந்த வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். அப்புறம் கடிதத்தோடு தலைமை ஆசிரியரிடம் போங்கள். ஜன்னலோர இடம், நாய் எந்த வழியாக வரும், எங்கே படுக்கும், தரையையும் விரிப்பையும் யார் எப்போது சுத்தம் செய்வது, ஆசிரியருக்கு இன்ஹேலர் கொடுக்கத் தெரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவ்வளவு செய்தும் அவளுக்கு மூச்சு வாங்கினால், இருவரில் ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றுவது பற்றிப் பேசலாம். அது உங்கள் மகளாகவும் இருக்கலாம். அதைத் தண்டனையாக நினைக்காதீர்கள்.

பள்ளி இதில் அசட்டையாக இருந்தால் விடாதீர்கள், எழுத்தில் பதில் கேளுங்கள்.

மனுவைக் கொடுக்காதீர்கள். கையெழுத்துப் போட்டவர்களிடம் ஏன் கொடுக்கவில்லை என்று நீங்களே சொல்லுங்கள். அந்தப் பையனின் அம்மாவிடமும் நேரில் பேசுங்கள். இப்படி ஒரு தாள் சுற்றியது அவருக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.